எந்தப் படியிலும் நிற்காத பூச்சி

ஜனவரி 6

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குளிர்கால வகையா, மாடிப்படி வகையா என்பது சென்ற முறை முடிவாகவில்லை. எந்த வகையாக இருந்தாலும் இப்போது குறைந்திருக்க வேண்டும். என் உடல்நலம் மொத்தத்தில் நன்று. வயிறு மட்டும் தனித் தலைப்பு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

தங்கள் மகள் வெள்ளிக்கிழமை காலை இரண்டு பைகளோடும் வண்ணப் பெட்டியோடும் புறப்பட்டாள். மேசைமேல் 'அப்பா வீட்டுக்குப் போகிறேன்' என்று ஒரு சீட்டு இருந்தது. பயணத்தின் நோக்கம், தங்கும் காலம், திரும்பும் நாள் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. துணி அலமாரியைப் பார்த்ததில் வெயில்காலத்து உடைகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று தெரிகிறது. இப்போது ஜனவரி. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. அவள் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அருங்காட்சியகத்தில் வேலை அதிகம். எங்கள் பூச்சிப் பிரிவில் எந்த இனத்திலும் சேராதவற்றைப் போட்டு வைக்க 'இதர' என்று சீட்டு ஒட்டிய ஓர் இழுப்பறை உண்டு. தங்கள் மகள் அதைத்தான் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். புது இயக்குநர் அதை மூடச் சொல்லிவிட்டார். "ஒரு அறிவியல் நிறுவனத்துல இதரன்னு ஒண்ணு இருந்தா, நமக்குத் தெரியலன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். நியாயம்தான். அதில் இருக்கும் பூச்சிகளுக்கெல்லாம் ஏதாவது ஓர் இனத்தில் இடம் ஒதுக்கி வருகிறேன். சில ஒத்துழைக்க மறுக்கின்றன. செத்தவை என்பதால் சமாளிக்க முடிகிறது.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள மருமகன்


ஜனவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி எந்த வகை என்று அதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலிக்கும்போது உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் வயிற்றைப் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னீர்கள். அதற்குள் அதற்கு ஏதாவது போடுங்கள்.

மகள் வந்து சேர்ந்தாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பூந்தொட்டிகளை இடம் மாற்றி வைக்கிறாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். உங்கள் அத்தை விடுவாளா? "ஒண்ணும் இல்லாததுக்கு ரெண்டு பை எதுக்குடி?" என்றாள். மகள் இன்னொரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாற்பது வருஷம் செருப்புக் கடை நடத்தியவன் நான். போட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கழற்றுகிறவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. அது கடைப் பழக்கம். வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன்.

உங்களிடம் வேறு ஒன்று கேட்க வேண்டும். எங்கள் குளியலறை ஜன்னலுக்குச் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒரு பூச்சி வருகிறது. கட்டைவிரல் நகம் அளவு. இடது இறக்கை கூரைபோலச் சரிந்து உடலை மூடியிருக்கிறது. வலது இறக்கை கண்ணாடியோடு கண்ணாடியாகத் தட்டையாக விரிந்திருக்கிறது. உணர்கொம்புகள் நூல்போலவும் இல்லை, நுனியில் தடித்தும் இல்லை. நடுவில் தடித்து இரண்டு பக்கமும் மெலிகின்றன. இது என்ன பூச்சி? அவசரமில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மாமா


ஜனவரி 25

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் நேற்று வந்தது. அனைவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. அதில் என் கேள்விக்குப் பதில் ஒரு வரிதான் இருந்தது. நான் கேட்டதும் ஒரு வரிதான் என்பதால் புகார் இல்லை.

பூச்சி விஷயம் எளிது. எங்கள் 'விளக்குக்கு வரும் பூச்சிகள்' கையேடு ஜூனில் அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு திறவுகோல் இருக்கிறது. திறவுகோல் என்றால் பூட்டுக்கு அல்ல, பூச்சிக்கு. ஒவ்வொரு படியிலும் இரண்டே கேள்வி. ஓய்வாக உட்காரும்போது இறக்கை கூரைபோல் மூடியிருந்தால் இரண்டாம் படிக்குப் போகவும். தட்டையாக விரிந்திருந்தால் நாற்பதாம் படிக்குப் போகவும். இப்படியே போனால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்பீர்கள். எந்தப் பூச்சியும் எங்கேயாவது நின்றே தீரும். அட்டையில் 'விடுபட்டது எதுவுமில்லை' என்று போட வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். எட்டு வருஷ வேலை. நான் ஒவ்வொரு படியாக எழுத எழுத, எதிர் மேசையில் தங்கள் மகள் அதற்குப் படம் வரைந்தாள். ஒரு காலுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டதும் உண்டு. பூச்சிக்கு ஆறு கால் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தங்கள் பூச்சிக்கு வலது இறக்கையில் அடிபட்டிருக்கிறது. மூட முடியவில்லை. எனவே கூரை வகை. உணர்கொம்பில் தூசி படிந்திருக்கலாம். கேள்வி தீர்ந்தது.

இந்தக் கடிதத்தைப் பற்றித் தங்கள் மகளிடம் சொல்லலாம், அல்லது சொல்லாமல் இருக்கலாம். வெயில்காலத்து உடைகளைப் பற்றி அவள் ஏதும் சொன்னாளா?

அன்புள்ள மருமகன்


பிப்ரவரி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நாங்கள் சுகம். அத்தைக்கு ஜலதோஷம் வந்து போனது. உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். ஆகவே சொன்னேனா சொல்லவில்லையா என்ற பிரச்சினை எழவில்லை. 'கேள்வி தீர்ந்தது' என்ற இடத்தில் மகள் சிரித்தாள். வந்த பிறகு முதல் சிரிப்பு. எந்த மாதிரிச் சிரிப்பு என்று கேட்காதீர்கள்.

பூச்சிக்கு அடிபடவில்லை. மறுநாள் வந்தபோது வலது இறக்கை கூரையாகவும் இடது இறக்கை தட்டையாகவும் இருந்தது. மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறது. தலையை மேலே வைத்தும் உட்காருவதில்லை, கீழே வைத்தும் உட்காருவதில்லை. குறுக்கே உட்காருகிறது. இறக்கையில் இருப்பது புள்ளியா கோடா என்றால், புள்ளியாக ஆரம்பித்து யோசித்து யோசித்துக் கோடாக முடிகிறது. தூசி இல்லை, துடைத்த கண்ணாடி.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மனிதர்களுக்கே இரண்டு காலும் ஒரே அளவு கிடையாது. கடையில் ஏழாம் நம்பர் பெட்டி ஒரு தட்டில் இருக்கும், எட்டாம் நம்பர் அடுத்த தட்டில். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கால் வந்து நின்றால் பெட்டியைப் பார்த்துப் பயனில்லை. காலைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் எட்டைக் கொடுத்து உள்ளே ஒரு அட்டை வைப்போம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. அவள் கிளம்புவதற்கு முதல் நாள் என்ன நடந்தது? இவளைக் கேட்டால் "அவரையே கேளுங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அத்தையின் ஜலதோஷம் முற்றிலும் நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் வயிறு இப்போது உபதலைப்புகளாகப் பிரிந்துவிட்டது.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இறக்கைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் பூச்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. தங்கள் கூர்மையான பார்வை என்னை வியக்க வைக்கிறது. எங்கள் பிரிவில் சம்பளம் வாங்குகிறவர்களில் இருவருக்குக்கூட இந்தப் பார்வை கிடையாது. பின்கால்களில் முள் உண்டா? உடல் ரோமம் படிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? கிளம்பும்போது எழும்பிப் பறக்கிறதா, விழுந்து பறக்கிறதா? தொட்டால் செத்ததுபோல நடிக்கிறதா? தயவுசெய்து அதை ஒரு வாயகன்ற பாட்டிலில் பஞ்சு வைத்துப் பிடித்து அனுப்பவும். முடியாவிட்டால் தங்கள் மகள் ஒரு படம் வரைந்து தர முடியுமா என்று கேட்கவும். தங்கள் கேள்வியாகக் கேட்கவும். என் வேண்டுகோள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாங்கள் கேட்ட மற்ற விஷயம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவள் சமையலறையில் குழாயடியில் நின்றிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் எதுவும் இல்லை. முகத்தைப் பார்த்ததில் அழுதிருப்பதாகத் தெரிந்தது. காரணத்தை அறிய முயன்றேன். "பசியா, அசதியா, கோபமா?" என்று கேட்டேன். "மூணும் இல்ல" என்றாள். "வேற என்ன இருக்கு?" என்றேன். அவள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். "சரி, அப்போ அசதின்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிக் குழாயை மூடினேன். இதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. எனவே தகராறு என்ற வகையில் இது சேராது.

பின்கால் முள்ளை மறக்க வேண்டாம்.

அன்புள்ள மருமகன்


மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் குழாயடிப் பகுதியை நான் உரக்கப் படிக்கவில்லை. அதை மடித்து மகளிடம் கொடுத்தேன். அவள் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கடிதம் இன்னும் திரும்பி வரவில்லை. ஞாபகத்திலிருந்துதான் பதில் எழுதுகிறேன்.

பாட்டில் கிடையாது. உங்கள் அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "வீடு தேடி வந்ததைப் பாட்டில்ல போட்டு ஊருக்கு அனுப்பச் சொல்றாராமா? அப்போ நம்ம பொண்ணு இங்க பத்திரமா இருக்கட்டும்." நான் இதை அப்படியே எழுதுவது உங்களைப் புண்படுத்த அல்ல. அப்படியே எழுதாவிட்டால் அவள் படித்துப் பார்த்துத் திருத்துவாள்.

பின்காலில் ஒன்றில் முள் இருக்கிறது, ஒன்றில் இல்லை. ரோமம் பாதி படிந்து பாதி நிமிர்ந்திருக்கிறது. பறக்கும்போது பக்கவாட்டில் நழுவிப் போகிறது. தொட்டால் நடிப்பதில்லை, தொட்டவரைப் பார்க்கிறது.

படம் வரையச் சொன்னேன், என் கேள்வியாகத்தான். "முதல்ல அது என்னன்னு அவர் சொல்லட்டும், அப்புறம் வரையறேன்" என்றாள். என் கேள்வி என்று அவள் நம்பவில்லை போலிருக்கிறது.

வேறு செய்தி: முன் அறையில் ஓர் அலமாரி அடிக்கத் தச்சர் வந்து போனார். மகள்தான் வரச் சொன்னாள். வண்ணங்களும் காகிதங்களும் வைத்துக்கொள்ளவாம்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 12

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலம்தானே? தாங்கள் அலமாரி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வகை அலமாரி? சுவரில் திருகாணி போட்டு முடுக்கியதா, சும்மா சாய்த்து வைத்ததா? சாய்த்து வைத்ததென்றால் எடுத்துவிடலாம். எத்தனை தட்டு? எவ்வளவு நாளைக்கு வரக்கூடிய மரம்? அளவுகளைத் தெரிவித்தால் நல்லது. பூச்சியைப் பற்றிய குறிப்பும் கிடைத்தது.

'இதர' இழுப்பறை காலியாகிவிட்டது. எல்லாவற்றையும் எங்காவது சேர்த்தாயிற்று. ஒரு வண்டைக் குளவிகளோடு வைக்க வேண்டி வந்தது. வெறும் இழுப்பறை இப்போது என் மேசைக்கடியில் கிடக்கிறது. தூக்கிப் போட இயக்குநரின் உத்தரவு வேண்டும். தூக்கிப் போடுவது எந்தப் பிரிவின் வேலை என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் காலில் இடிக்கிறது.

எதிர் மேசை காலியாக இருக்கிறது. இது தகவலுக்காக மட்டும்.

அன்புள்ள மருமகன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். சுகம். அலமாரி திருகாணி போட்டு முடுக்கியது. நல்ல மரம், என் காலத்துக்கு வரும். மூன்று தட்டு. மேலே இரண்டும் சாதாரணம். கீழ்த்தட்டு மட்டும் விநோத அளவு. அகலத்தில் நாலு செருப்புப் பெட்டி வைக்கலாம், உயரத்தில் ஒரு பெட்டிக்கு மேல் போகாது. அங்கே எதையும் வைக்காமல் காலியாக விட்டிருக்கிறாள். தச்சர் தப்பாக அளந்துவிட்டார் என்று நான் சண்டைக்குப் போனேன். "சரியாத்தான்பா இருக்கு" என்றாள்.

பூச்சி ஒரு வாரமாக வரவில்லை.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று காலை முழுவதும் யோசித்தேன். எட்டு வருஷத்தில் நமக்குள் கடிதம் எழுதத் தேவையே வந்ததில்லை. நீ எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இல்லை. தலைப்புப் பிரிக்கவில்லை.

போன வாரம் இயக்குநரிடம் கையேட்டை அச்சுக்கு அனுப்ப முடியாது, ஒரு பூச்சி விடுபட்டிருக்கிறது என்று சொன்னேன்.

"இறக்கை மூடியிருக்கா, விரிஞ்சிருக்கா?" என்றார்.

"ரெண்டும் சார்."

"ரெண்டும்னா? படியில அதுக்கு இடம் இல்லையே."

"அதான் சார் சொல்றேன்."

"சைடுல பறக்குது, குறுக்க உக்காருது... பூச்சியே இல்லன்னு எழுதிடலாமா?"

"கால் ஆறு இருக்கு சார்."

பேனாவை எடுத்தார். "சரி, அப்போ அந்துப்பூச்சின்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஓர் உயிரைக் கண்ணால் பார்க்காமல், தன் வசதிக்கு ஒரு பெயர் வைத்து மூடிவிடுகிறாரே என்று ஆத்திரத்தோடு படியிறங்கினேன். பாதிப் படியில் அந்த வாக்கியத்தை ஏற்கனவே கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கேட்கவில்லை. சொல்லியிருக்கிறேன். குழாயை மூடிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கையேட்டின் தாள்களைக் கூடத்தில் பரப்பி, மாமாவின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பூச்சியை முதல் படியிலிருந்து நடத்திப் பார்த்தேன். இறக்கைப் படியில் சரியாக நடுவில் நிற்கிறது. உணர்கொம்புப் படியிலும் நடுவில். புள்ளி, உட்காரும் முறை, முள், ரோமம், பறப்பது, தொட்டால் நடிப்பது, எதிலும் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இயற்கைக்கு என் புத்தகத்தைப் படிக்கும் வழக்கம் இல்லை. அது எப்போதாவது தற்செயலாகத் தவறும். ஒவ்வொரு படியிலும் மயிரிழை பிசகாமல் தவற வேண்டுமென்றால் கையேட்டை வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். அப்படிப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவன் நான். இயக்குநர் முன்னுரை எழுதியிருக்கிறார், ஆனால் படிக்கவில்லை.

மாமாவின் கூர்மையான பார்வையை நான் புகழ்ந்து எழுதியதை நினைத்து இரண்டு நாள் வெட்கப்பட்டேன். பிறகு வேறு ஒன்றுக்கு வெட்கப்பட ஆரம்பித்தேன். இல்லாத ஒரு பூச்சியின் பின்கால் முள்ளைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டவன், கண் முன்னால் குழாயடியில் நின்றவளிடம் மூன்று கேள்வியோடு நிறுத்திவிட்டேன்.

அது என்ன பூச்சி என்று சொன்னால் வரைவேன் என்றாயாம். சொல்கிறேன். தெரியவில்லை. அன்று உனக்கு என்ன என்பதும் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் சின்னச் சொல்லாகத்தான் இருக்கிறது. எட்டு வருஷமாக எந்தப் பக்கத்திலும் இதை நான் எழுதியதில்லை.

திறவுகோலில் கடைசியாக ஒரு படி சேர்த்திருக்கிறேன். 'மேற்கண்ட எதிலும் அடங்காவிட்டால், தெரியவில்லை என்று எழுதிவிட்டு, திரும்பவும் போய்ப் பார்க்கவும்.' இயக்குநர் இதைப் படித்தார். முழுதாக அவர் படித்த ஒரே படி இதுதான். புத்தகம் இந்த வருஷம் வராது. அட்டையில் போட்ட வாக்கியத்தையும் எடுத்தாயிற்று.

நான் அங்கே வரட்டுமா? ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு என்று நினைக்காதே. வேறு எது தோன்றினாலும் எழுது.

நான்


ஏப்ரல் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நாங்கள் சுகம். உங்கள் கையெழுத்தில் வந்த உறையில் என் பெயர் இல்லாதது இதுதான் முதல் முறை. முகவரியைச் சரி பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை எனக்கு நாலைந்து இருந்தது, எதற்கும் போகவில்லை. என்ன பதில் எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியுமாம். ஆனால் சொல்ல மாட்டாளாம்.

பூச்சி விஷயத்தை மகள் நேற்று ஒப்புக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான். என் கண்ணுக்குக் குளியலறை ஜன்னலே மங்கலாகத்தான் தெரியும். பூச்சி இருந்ததா என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் நான் நம்பினேன். பூதக்கண்ணாடி வாங்கி, இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் ஜன்னலடியில் போய் நிற்கிறேன். வேறு என்னென்னவோ வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை இருக்கிறது. இது எனக்குத் தெரியாமலே இவ்வளவு வயதாகிவிட்டது. அது கட்டுக்கதை என்று தெரிந்த பிறகும் நேற்றுப் போய் நின்றேன். "இல்லாத பூச்சிக்காக இருக்கிற முழங்கால எதுக்கு நோகடிக்கிறீங்க?" என்றாள் அத்தை. பழகிவிட்டது, என்ன செய்ய?

பொய்யைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நான் உங்களுக்குக் கொடுத்த தோல் செருப்பு ஞாபகம் இருக்கும். இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள் என்று மகள் சொன்னாள். அன்று கடையில் உங்கள் காலைப் பார்த்ததும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என்று சொன்னேன். "அப்படி ஒரு அளவே கிடையாது, நான் ஏழு" என்று சாதித்தீர்கள். மாப்பிள்ளையோடு முதல் நாளே வாதம் வேண்டாம் என்று, எட்டை எடுத்து உள்ளே அட்டை வைத்து, 'ஏழு' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். இத்தனை வருஷமும் கடிக்காமல் உழைக்கிறது. அடிப்பாகத்தைத் தூக்கிப் பாருங்கள். அட்டை அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
மாமா


மே 2

அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தலைப்புப் பிரிக்காமல் நீங்கள் எழுதிய முதல் உடல்நலக் குறிப்பு அது. வயிற்றுக்கு மருந்து பச்சை மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. நீங்கள் 'மருந்து' என்று எழுதி ஒட்டிய டப்பாவில் சீப்பு இருக்கிறது.

செருப்பைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். அப்பாவிடம் கோபப்படாதீர்கள். அவர் அப்புறம் இரண்டு நாள், எழுதியிருக்க வேண்டாமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பசியா, அசதியா, கோபமா என்று கேட்டீர்கள். அன்று சாயங்காலம்தான் வீட்டில் கையேட்டின் கடைசிப் படத்தில் கடைசிக் காலை வரைந்து முடித்தேன். தூரிகையைக் கழுவ வந்தேன். கழுவிய பிறகும் குழாயை மூட முடியவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாலாவதாக அது என்ன என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் பாதிதான் தெரியும். நீங்களும் சும்மா பக்கத்தில் நின்றிருந்தால் மீதிப் பாதியையும் பார்த்திருப்போமோ என்னவோ. நீங்கள் குழாயை மூடிவிட்டீர்கள்.

பூச்சியை உங்களை ஏமாற்றுவதற்காக உண்டாக்கவில்லை. நீங்கள் எங்கே நின்று 'தெரியவில்லை' என்பீர்கள் என்று பார்க்கத்தான். நீங்கள் முள், ரோமம் என்று கேட்டுக்கொண்டே போனபோது எனக்கே அதன்மேல் பாசம் வந்துவிட்டது. இவ்வளவு அக்கறையாக அதைக் கேட்கிறாரே என்று ஒரு நாள் அதன்மேல் பொறாமையும் வந்தது. அந்த வாரம்தான் அது ஜன்னலுக்கு வராமல் நின்றது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குளியலறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "சீக்கிரம் வா, உன்னுது வந்திருக்கு!" வயதான மனிதர், ஆசைப்படுகிறார் என்று போனேன். கண்ணாடியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. குறுக்கே. ஓர் இறக்கை கூரைபோல மூடி, ஓர் இறக்கை தட்டையாக விரிந்து. மனசுக்குள் உங்கள் முதல் படிக்குப் போனேன், அங்கேயே நின்றுவிட்டேன். "நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா. சொன்னது நான் என்பதை அவர் மறந்துவிட்டார். நீங்கள் முதலில் எழுதியதுபோல அடிபட்ட இறக்கையாகவும் இருக்கலாம். மறுநாள் வந்தால் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். வந்தது. எந்த இறக்கை மூடியிருந்தது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் தகராறு. அத்தையைக் கேட்டால் ("அத்தை" என்று எழுதிவிட்டேன், உங்கள் வாய் எனக்கும் வந்துவிட்டது, அம்மாவைத்தான் சொல்கிறேன்) "ரெண்டு பேரும் முதல்ல கண்ணாடியத் துடைங்க" என்கிறாள்.

படம் வரைய உட்கார்ந்தேன். வரைய வரைய அது மாறிக்கொண்டே இருக்கிறது. என்ன என்று தெரியவில்லை. இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

வரட்டுமா என்று கேட்டீர்கள். வாருங்கள். இது 'ஆம்' வகையில் சேருமா என்று வழியில் யோசித்து முடிவு செய்துவிடாதீர்கள்.

பாட்டில் வேண்டாம். வரும்போது உங்கள் மேசைக்கடியில் கிடக்கிற இழுப்பறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அதை மூடுகிறார்கள் என்று ஜனவரியில் நீங்கள் எழுதியதை அப்பா சாப்பாட்டு மேசையில் படித்தார். அந்த அளவைச் சொல்லித்தான் தச்சரிடம் கீழ்த்தட்டை விடச் சொன்னேன். சீட்டைக் கிழிக்காதீர்கள்.

நான்